கலர் மாறாத தண்ணீர்

ஆராய்ச்சி பண்ணுகிறவர்களுக்கும் அரசாங்கம் நடத்துகிறவர்களுக்கும் நடுவே பாலமாக இருப்பது என் பிழைப்பு. பாலம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, இரண்டு கரைக்காரர்களும் மிதித்துக்கொண்டு போவதற்கு வசதியாக நடுவில் ஒருவன் படுத்துக்கிடக்க வேண்டும்.

நம்மூர்க் காவிரிப் பாலத்தையாவது மாதக்கணக்கில் மூடிவைத்துப் பழுது பார்த்தார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. நீங்கள் வேறு வேலை பார்க்கிறவராக இருக்கலாம். ஆனால் பெண் வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் நடுவிலோ, மேனேஜருக்கும் கவுண்டரில் கத்துகிற ஆளுக்கும் நடுவிலோ, அம்மாவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவிலோ ஒரு நாளாவது நின்று வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பீர்கள். அப்படியானால் நீங்களும் நம்ம கட்சிதான். இப்படிப் பக்கத்தில் உட்காருங்கள்.

நான் சொல்லப்போவது எல்லாம் ஒரே ஒரு குடிதண்ணீர்க் குழாயைப் பற்றி. பாலக்கரையில் ஒரு சந்து, பெயர் வேண்டாம். அந்தச் சந்துக்குப் போகிற பழைய இரும்புக் குழாய் சாக்கடைக்குள் முழுகியபடியே போகிறது. அதைப் பிடுங்கிவிட்டுப் புதுக் குழாய் போட வேண்டும். அவ்வளவுதான் விஷயம். நான் ஒருத்தன் நடுவில் இல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை போட்டிருப்பார்களோ என்னவோ.

ஜெராக்ஸ் மெஷின் பக்கத்து நாற்காலி

வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டு, வாத்தியார் வேலை கிடைக்காமல் அலைந்து, கடைசியில் இந்த ஒப்பந்த வேலையில் வந்து விழுந்தேன். ஆராய்ச்சியாளர்கள் நூற்றைம்பது பக்கத்துக்கு எழுதுவதை நான் ஒரே பக்கத்தில் அதிகாரிக்குப் புரிகிற மாதிரி எழுதிக் கொடுக்க வேண்டும். அதிகாரிக்கு என்ன சந்தேகமோ, அதை ஆராய்ச்சியாளர்களிடம் கொண்டுபோய்க் கேட்க வேண்டும். சேர்ந்த அன்று வெள்ளைச் சட்டையெல்லாம் போட்டுக்கொண்டு, ஸ்ரீரங்கத்தில் ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறிப் போனேன். நாட்டைத் திருத்தப் போகிற மிதப்பு.

அலுவலகக் கண்காணிப்பாளர் கலியமூர்த்தி. ஓய்வு பெற இரண்டு வருஷம் பாக்கி. வெற்றிலைச் சிவப்பு வாய். என் ஆர்டரை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "நீங்க எந்த செக்‌ஷன் சார்?" என்றார். எந்த செக்‌ஷனும் இல்லை, நடுவில் என்றேன். "காலேஜ் ஸ்டாஃபா?" இல்லை. "கவர்மென்ட் ஸ்டாஃபா?" அதுவும் இல்லை. பத்து நிமிஷம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு மேஜைக்கு அடியில் குனிந்து வெற்றிலையைத் துப்பினார்.

"அப்ப நீங்க யாரும் இல்ல. சரி, பரவால்ல சார், ஜெராக்ஸ் மெஷின் பக்கத்துல யாரும் இல்லாத சேர் ஒண்ணு கெடக்கு, அதுல உட்காருங்க."

மாவுக்கடை

முதல் வேலையே இந்தத் தண்ணீர் ஆராய்ச்சிதான். ஒரு பேராசிரியர் தலைமையில் பல தெருக்களில் குழாய்த் தண்ணீர் பிடித்துச் சோதனை செய்தார்கள். ஆடி மாசம். காவிரியில் புதுத்தண்ணி வந்து ஊரே படித்துறையில் கிடந்தது. நான் பாட்டில் பையோடு பாலக்கரைச் சந்தில் நின்றேன். சந்தின் கடைசி வீட்டில் தனலட்சுமி இட்லி மாவு அரைத்து விற்கிறார். புருஷன் இல்லை. ஒரே மகள் பவித்ரா, பிளஸ் டூ, சயின்ஸ் குரூப். நர்ஸிங் படிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். மாவு, சாப்பாடு, குடிக்கிற தண்ணீர் எல்லாம் அந்த ஒரு குழாயிலிருந்துதான்.

சோதனை சுலபம். தண்ணீரில் ஒரு மருந்தைப் போட்டால் இளஞ்சிவப்பாக மாற வேண்டும். மாறினால் கிருமியைக் கொல்கிற குளோரின் இருக்கிறது. மாறாவிட்டால் இல்லை. டேங்க் பக்கத்துத் தெருவில் பிடித்த தண்ணீர் ரோஸ்மில்க் மாதிரி ஆனது. இங்கே தண்ணீர் அசையவில்லை, அப்படியே இருந்தது. "கலர் மாறலையே சார்?" என்று பவித்ரா கேட்டாள். படிக்கிற பிள்ளை, கண் அங்கேதான் போகும். முடிவு அதிகாரபூர்வமாக வெளியாகும்வரை யாரிடமும் வாயைத் திறக்கக் கூடாது, வீணாகப் பீதி கிளம்பும் என்று எங்களிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். "லேப்ல பாத்துட்டுத்தாம்மா சொல்லணும்," என்றேன். போகிறபோக்கில், "எதுக்கும் தண்ணியக் காய்ச்சிக் குடிங்க" என்றும் சொன்னேன். சுவரில் எழுதியிருப்பதைப் படிக்கிற குரலில் சொன்னேன். சுவரில் எழுதியிருப்பதைப் பார்க்கிற மாதிரியே அவர்களும் தலையாட்டினார்கள்.

வெயிலுக்கு தனலட்சுமி ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். "வேணாங்க்கா, பாட்டில் இருக்கு," என்று பையைத் தட்டிக் காண்பித்தேன். புதுக் குழாய் எப்போது வரும் என்று கேட்டார். மழைக்கு முன்னால் என்றேன். யாரைக் கேட்டுச் சொன்னேன்? யாரையும் கேட்கவில்லை. வாய்க்கு வந்தது.

"இதோட மூணாவது தடவை சார் வந்து பாட்டில்ல புடிச்சிட்டுப் போறாங்க, குடிக்கிறதுக்குத்தான் கொண்டு போறாங்களோன்னு நெனச்சுக்கிட்டேன்."

வாய்ப்பு உண்டு

அறிக்கை வந்தது. அந்தச் சந்தின் தண்ணீரில் குளோரின் இல்லை, சாக்கடைக் கிருமி இருக்கிறது. இதைச் சொல்ல வேண்டிய இடத்தில் பேராசிரியர், "குழாயில் கசிவு ஏற்பட்டு கழிவுநீர் கலந்திருக்க வாய்ப்பு உள்ளதை மறுப்பதற்கில்லை" என்று எழுதியிருந்தார். வாய்ப்பு, அதை மறுப்பதற்கு இல்லை! ஒரு வாக்கியம் பின்வாசல் வழியாகப் போவது இப்படித்தான். அந்த வாக்கியத்தைத் தூக்கிக்கொண்டு சித்திரை வீதியில் இருந்த அவர் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை போனேன். பாசுரம் பாடிச் சாத்துமுறை முடிந்து அப்போதுதான் கோயிலிலிருந்து வந்திருந்தார். நல்ல மனுஷர். பாதகம் நினைக்கிறவர் இல்லை.

"சார், 'கலக்கிறது'ன்னு ஒரு வார்த்தை எழுதிக் கொடுங்க, அதிகாரி உடனே ஆர்டர் போடுவார்," என்றேன். குழாயை வெட்டிப் பார்த்தால்தான் அப்படி எழுத முடியும் என்றார். வெட்டுவதற்கு அதிகாரி ஆர்டர் வேண்டும். ஆர்டருக்கு நீங்கள் எழுத வேண்டும். நீங்கள் எழுத வெட்ட வேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டு, மறுபடி சுற்றி, எனக்குக் கழுத்தே வலித்தது. அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"'நிச்சயம்'னு எழுதறதுக்கு நான் என்ன ஜோஸ்யரா? நிச்சயமாத் தெரியணும்னா இந்த வீதியிலேயே நாலு ஜோஸ்யர் இருக்கா, அவாகிட்ட போய்க் கேளுங்கோ!"

மூன்று வரி

அதிகாரி சின்ன வயசு. சுறுசுறுப்பு. என்னைப் பார்த்ததும், "ஒரு பக்கம், ஒரு எண். ரெண்டு நிமிஷத்துல எனக்குப் புரியணும்" என்றார். நானும் உட்கார்ந்து எழுதினேன். எல்லாத் தெருக்களையும் கூட்டி வகுத்துச் சராசரி குளோரின் அளவு என்று ஒரு எண் போட்டேன். டேங்க் பக்கத்துத் தெருக்களில் மூக்கைப் பொத்துகிற அளவு குளோரின், கடைசிச் சந்தில் சுத்தமாக இல்லை. இரண்டையும் கலந்தால் ஊருக்கே அமோகமாக இருக்கிறது என்று வந்தது. அதற்குக் கீழே, "ஆனால் பாலக்கரையில் ஒரு சந்தில் மட்டும்" என்று மூன்று வரி எழுதியிருந்தேன். பிரிண்ட் எடுத்தால் அந்த மூன்று வரி இரண்டாம் பக்கத்துக்கு வழிந்தது.

எழுத்தைச் சின்னதாக்கினேன். அதிகாரிக்குக் கண் வலிக்கும் என்று கலியமூர்த்தி தடுத்தார். ஓரத்தைக் குறைத்தேன். பைலில் துளை போட இடம் வேண்டும் என்றார். கடைசியில் மூன்று வரியையும் எடுத்தேன். வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். உள்ளே போனபோது அதிகாரிக்குப் போன் வந்தது. ஒரு கையில் போன், ஒரு கையில் பேனா. பச்சை மையில் கையெழுத்து விழுந்தது. நான் வாயைத் திறந்தேன், அவர் கையை அசைத்தார், வெளியே வந்துவிட்டேன்.

எங்கள் வயல் லால்குடிப் பக்கம், வாய்க்காலின் கடைமடையில் இருக்கிறது. தலைமடைக்காரன் வயலில் வரப்பை முட்டித் தண்ணீர் நிற்கும்போது எங்கள் வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். 'பாசனத்துக்குச் சராசரியாகப் போதுமான தண்ணீர்' என்று பேப்பரில் பார்த்துவிட்டால் அப்பா அந்தப் பேப்பரைச் சுருட்டி எறிவார். அந்த அப்பாவுக்குப் பிறந்த பிள்ளை, கடைமடையை வெட்டி எறிந்துவிட்டுச் சராசரி போட்டேன். சாயங்காலம் பஸ் பாலத்தில் ஏறும்போதுதான் நான் என்ன செய்துவிட்டேன் என்பது உறைத்தது. அதிகாரி வெளியே போகும்போது சொன்னது காதிலேயே நின்றது.

"பாத்தீங்களா, ஒரு பக்கத்துல எவ்ளோ தெளிவா இருக்கு; பிரச்சனையே இல்லாத விஷயத்துக்குப் போயி நூத்தம்பது பக்கம் எழுதியிருக்காங்க."

அப்புறம் பார்க்க வேண்டிய மனசாட்சி

மறுநாளே திருத்த ஓடினேன் என்று நம்புங்கள். பேராசிரியருக்குப் போன் போட்டேன். "சராசரி சரியாத்தானே போட்டிருக்கேள்? சரியான கணக்கை எப்படித் திருத்தறது?" என்று உண்மையாகவே குழம்பினார். சாமி வரம் கொடுக்காத இடத்தில் பூசாரியையாவது பிடிப்போம் என்று கலியமூர்த்தியிடம் போனேன். அவர் கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னார். அவர் கதவைச் சாத்தி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அவர் சொன்னது இதுதான்: முதல் குறிப்பு தப்பு என்று இரண்டாவது குறிப்பு போனால், முதல் குறிப்பை எழுதியவரிடம் விளக்கம் கேட்பார்கள். எழுதியவர் யார்? நான். என் ஒப்பந்தம் மார்கழியில் முடிகிறது. புதுப்பிக்கிற பைல் அதே அதிகாரி மேஜைக்குத்தான் போக வேண்டும். வீட்டு வாடகை, பையன் பள்ளிக்கூடம், பல் தேய்ப்பது முதல் பால் வாங்குவது வரை எல்லாம் ஞாபகம் வந்தது. ஐப்பசி மழை அடித்துப் பெய்தது. பாலக்கரைச் சாக்கடைகள் நிரம்பி ஓடுவதைப் பஸ்ஸிலிருந்து பார்த்தேன். பார்த்துவிட்டு மறுபக்க சீட்டில் போய் உட்கார்ந்தேன். இதை வேறு யாரும் சொல்ல மாட்டார்கள் என்பதால் நானே சொல்கிறேன்: பயந்துபோய்ச் சும்மா இருந்தேன். கலியமூர்த்தி சொன்னது எனக்கு அவ்வளவு இதமாக இருந்தது.

"ரெண்டு மாசம் கண்ண மூடிட்டு இருங்க சார், ஒப்பந்தம் கைக்கு வரட்டும், அப்புறம் மனசாட்சியப் பாத்துக்கலாம்."

பளபளக்கும் ரோடு

ஒப்பந்தம் வந்தது. பொங்கல் கழிந்த முதல் வேலை நாள், மூன்று வரியை மூன்று பக்கமாக்கித் திருத்தக் குறிப்பு வைத்தேன். அதிகாரி படித்தார். முகம் சிவந்தது. "இத அப்பவே சொல்ல வாய் இல்லையா உங்களுக்கு?" என்று கத்தினார். நியாயமான கத்தல். "இன்னைக்கே போயிப் பாப்போம், இந்த வாரமே தோண்டிருவோம்" என்று எழுந்தார். அந்த நிமிஷம் அவர் காலில் விழுந்திருப்பேன். ஜீப்பில் போகும்போது எனக்கு மனசு லேசாகி, வழியில் இருந்த பிள்ளையாருக்கெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

ஜீப் சந்து முனையில் நின்றது. சந்து முழுக்க, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, புத்தம்புது சிமெண்ட் ரோடு. முகம் பார்க்கலாம். யாரோ மூலையில் கோலம்கூடப் போட்டிருந்தார்கள். அடியில் பழைய குழாய் இருந்த இடத்திலேயே பத்திரமாக இருந்தது. அதிகாரி இறங்கி, ஷூவால் ரோட்டை இரண்டு தட்டுத் தட்டினார். அவருடைய ஆபீஸின் இன்னொரு பிரிவு போட்ட ரோடு. என் மூன்று வரி ஐப்பசியில் போயிருந்தால் குழாயை மாற்றிவிட்டு மேலே ரோடு போட்டிருப்பார்கள்.

"போட்டுப் பத்து நாள்கூட ஆகலங்க, இப்ப நான் இதத் தோண்டினா, ஆடிட்ல வந்து என்னத் தோண்டிருவாங்க."

ஒரு சொம்பு

அதிகாரி ஜீப்பில் ஏறிவிட்டார். நான் மட்டும் கடைசி வீட்டுக்கு நடந்தேன். என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே போனால், தனலட்சுமி வாயெல்லாம் பல்லாக வந்து நின்றார். முன்பெல்லாம் மாவு வாங்க வருகிறவர்கள் சேற்றில் வழுக்கி விழுவார்களாம். இப்போது ஸ்கூட்டி வாசல்வரை வருகிறதாம். பவித்ரா உள்ளே தரையில் உட்கார்ந்து இயற்பியல் படித்துக்கொண்டிருந்தாள். பரீட்சைக்கு இன்னும் ஒன்றரை மாசம்.

அதே சொம்பு. அதே தண்ணீர். தனலட்சுமி நீட்ட, நான் பையைத் தட்டி, "பாட்டில் இருக்குக்கா" என்றேன். பவித்ரா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி என் பையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அன்றாவது சொல்லியிருக்கலாம். 'இந்தத் தண்ணீரில் சாக்கடை கலக்கிறது, தொடாதீர்கள்' என்று நாலு வார்த்தை. முடிவு இன்னும் அதிகாரபூர்வமாக வெளியாகவில்லை, கையெழுத்துப் போட்டிருக்கிறேன், புதுப்பித்த ஒப்பந்தத்தில் மை காயவில்லை. மறுபடியும் "காய்ச்சிக் குடிங்க" என்று சுவர் மாதிரி சொல்லிவிட்டுக் கிளம்பினேன். தனலட்சுமி சந்து முனைவரை வந்து கும்பிட்டார்.

"குழாய் வரலன்னா என்ன சார், நீங்க ஒரு ஆளு வந்து போனதுக்கு ரோடாவது வந்துச்சே, நல்லா இருக்கணும் நீங்க."

புத்தூர்

மாசி கடைசியில் அந்தச் சந்தில் வரிசையாக மஞ்சள்காமாலை. பவித்ராவுக்கு முற்றிவிட்டது. புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். செய்தி பரவியதும் ஆபீஸ் விழித்துக்கொண்டது. தண்ணீர் லாரி போனது. சுகாதாரமில்லாத தண்ணீரில் மாவு அரைத்ததாக தனலட்சுமியின் கடையைப் பூட்டி நோட்டீஸ் ஒட்டினார்கள். அந்தத் தண்ணீரைக் குழாயில் அனுப்பியவர்களே ஒட்டினார்கள். எனக்கு ஒரு வேலை கொடுத்தார்கள்: 'காய்ச்சிக் குடியுங்கள்' என்று ஒரு போஸ்டர் எழுத வேண்டும். ஒரே பக்கத்தில். நன்றாக வந்திருப்பதாக அதிகாரி பாராட்டினார்.

ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அன்று அவளுக்கு இயற்பியல் பரீட்சை. ஹால் டிக்கெட் தலையணைக்கு அடியில் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தது. தனலட்சுமி என்னைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலைத் தள்ளிப் போட்டார். அழுது அழுது குரல் போயிருந்தது. நான் என் கணக்கை ஒப்பிக்க ஆரம்பித்தேன். பேராசிரியர் சொன்னது, மூன்று வரி, சராசரி, ரோடு. எனக்கே யாரோ படித்துக்காட்டுகிற மாதிரி இருந்தது. "எங்க வீட்டுக் குழாயில என்ன வந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க சார், மத்த தெருவோட எங்களுக்கு என்ன?" என்றார் தனலட்சுமி. நான் ஆரஞ்சுப் பழத்தை எடுத்துக் கட்டில் ஓரத்தில் வைத்தேன். அடுத்த முறை எழுதிக்கொள்ளலாம், துணைத்தேர்வு இருக்கிறது என்று பவித்ராவிடம் ஏதோ உளறினேன்.

அவள் கண்ணைத் திறந்தாள். கண் முழுக்க மஞ்சள். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். என் தோளில் தொங்கிய பையை, அதிலிருந்து எட்டிப்பார்த்த தண்ணீர் பாட்டிலை, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு தடவை எங்கம்மா தண்ணி குடுத்தாங்க, ரெண்டு தடவையும் நீங்க குடிக்கல சார், உங்களுக்கு அன்னைக்கே தெரியும்ல?"

ரோட்டுக்கு அடியில் குழாய் அப்படியேதான் இருக்கிறது, நானும் ஜெராக்ஸ் மெஷின் பக்கத்திலேயேதான் இருக்கிறேன். பாலமாக இருப்பதில் ஒரே ஒரு சௌகரியம் உண்டு நண்பர்களே, அடியில் எந்தத் தண்ணீர் ஓடினாலும் பாலம் அதைக் குடிக்க வேண்டியதில்லை.